பெர்மிட்டா, எஸ் பாஸா? சிங்கப்பூருக்குக் கிளம்புமுன் போட வேண்டிய கணக்கு

புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், சிவகங்கைப் பக்கம் ஐடிஐயோ டிப்ளமாவோ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் கேள்வி எப்படியும் ஒரு நாள் எழும். டெஸ்ட் அடித்து, அதாவது தொழில்திறன் தேர்வில் தேறி, வொர்க் பெர்மிட்டில் போவதா, இன்னும் கொஞ்சம் பணம் புரட்டி நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸில் போவதா? ஏஜென்ட்டைக் கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார். பெர்மிட்டுக்கு இவ்வளவு, எஸ் பாஸுக்கு இவ்வளவு, உயர்நிலை வேலைக்கான இ பாஸுக்கு அதற்கும் மேலே. கூடக் கொடுத்தால் நல்லது கிடைக்கும் என்கிற மாதிரி பேச்சு ஓடும். வீட்டில் பெரியவர்களும் நகையை அடகு வைத்தாவது பெரிய பாஸில் அனுப்பிவிடலாம் என்று பார்ப்பார்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது வேறு. பாஸின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஓடி, அதாவது கூடுதல் நேர வேலைக் கூலி இல்லாமல் கைக்கு வரும் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு, கிளம்பும்போது தலையில் இருக்கும் கடன் எவ்வளவு என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்தப் பாஸ் உங்களுக்குச் சரி என்பது அதில் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். இந்த அனுமதிகளுக்கு நாம் விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூரில் உள்ள முதலாளி, அல்லது அவர் சார்பில் அங்கே உரிமம் பெற்ற ஏஜென்சிதான் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்கும். வேலை தருவதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம். 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. உரிமம் பெற்ற சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு இருக்கிறது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், ஒப்பந்தம் எவ்வளவு நீண்டாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இந்த வரம்புகளை மனதில் வைத்துக்கொண்டு, உங்களிடம் கேட்கப்படும் லட்சங்களைப் பாருங்கள். இடைவெளி முழுவதும் இடையில் நிற்பவர்களுக்குப் போகிறது.

டெஸ்ட் அடித்துப் போகும் பெர்மிட்

நம்மூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் போவது கட்டுமானத் துறை வொர்க் பெர்மிட்டில்தான். கம்பி கட்டுதல், பிளம்பிங், எலக்ட்ரிக்கல் வயரிங், டைல்ஸ், பைப் ஃபிட்டிங், வெல்டிங் என்று ஏதோ ஒரு தொழிலில் சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த மையத்தில் பயிற்சி எடுத்து, தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இதைத்தான் டெஸ்ட் அடிப்பது என்கிறோம். தேறிவிட்டால் வேலை உறுதி என்று பயிற்சி மையத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. அழைக்க ஒரு கம்பெனி வேண்டும் என்பது தனி.

இந்தப் பெர்மிட்டில் நல்லது என்ன? தங்குமிடத்துக்கு முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும். 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்ட வேண்டும். ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அவருடையது. அரசுக்கு மாதாமாதம் கட்டும் லெவியும் அவர் தலையில்தான், அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 2025 ஜூலை 1 முதல் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. முன்பு இத்தனை வருடம்தான் பெர்மிட்டில் இருக்கலாம் என்ற உச்சவரம்பு இருந்தது, அது எடுக்கப்பட்டுவிட்டது. 63 வயது வரை வேலை பார்க்கலாம், 61 வயது வரை புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல சேதி.

கெட்டது சம்பளத்தில் இருக்கிறது. கட்டுமானத்தில் பெர்மிட்டுக்கென்று குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. புதிதாக வருகிறவருக்கு நாளுக்கு 18, 20 வெள்ளி பேசிக் என்பது வழக்கமாகக் காதில் விழும் தொகை. 20 வெள்ளி, மாதம் 26 நாள் என்றால் 520 வெள்ளி. சட்டப்படி ஓடிக்கு ஒன்றரை மடங்கு. வாரம் 44 மணி நேர வேலை என்ற கணக்கில் ஓடி மணிக்கு ஏறக்குறைய 4 வெள்ளி 9 காசு வரும். மாதத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேரம் ஓடி பார்க்கலாம், அதில் 294 வெள்ளி. ஆகக்கூடி, ஒரு நாளும் விடாமல் உழைத்தால் 814 வெள்ளி.

இதைக் கடனோடு சேர்த்துப் பார்ப்போம். ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். சாப்பாடு, போன், கைச்செலவுக்கு 200 வெள்ளி போனால் 614 வெள்ளி மிச்சம், சுமார் 40,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 15,000 அனுப்பினால் கடனுக்கு 25,000. நாலு லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கிக்கொண்டு போனவருக்கு முதல் மாத வட்டியே 8,000. மாதம் தவறாமல் 25,000 கட்டினால் கடன் முடிய 20 மாதம் ஆகும். பெர்மிட் பொதுவாக இரண்டு வருடத்துக்குத்தான் தருவார்கள். அதாவது முதல் பெர்மிட் முழுவதும் வட்டிக்காரருக்கு உழைத்தது.

அதுவும் ஓடி முழுசாகக் கிடைத்தால். வேலை குறைந்து ஓடி நின்றுபோன மாதங்களில் 520 வெள்ளிதான். செலவு போக 320, அதாவது 20,800 ரூபாய். வீட்டுக்கு 15,000 போனால் மிச்சம் 5,800, வட்டிக்கே பற்றாது. உழைத்துக்கொண்டிருக்கும்போதே கடன் வளரும். சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறதே, ஏன் நகை இன்னும் திரும்பவில்லை என்று ஊரில் அம்மா கேட்கிற கேள்விக்கு விடை இந்த 5,800 ரூபாயில் இருக்கிறது.

ஆகவே பெர்மிட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடியைக் கணக்கில் சேர்க்காமல், பேசிக்கை மட்டும் வைத்து ஓராண்டுக்குள் அடைக்க முடிகிற கடனோடு போனால் பெர்மிட் நல்ல வழிதான். மேலே போட்ட கணக்குப்படி, வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால், அது சுமார் 70,000 ரூபாய். அங்குள்ள ஏஜென்சிக்குச் சட்டம் அனுமதிக்கும் இரண்டு மாதச் சம்பளமும் 1,040 வெள்ளி, கிட்டத்தட்ட அதே தொகை.

பெர்மிட்டில் போகிறவர்களுக்கு முன்னேற ஒரு படியும் இருக்கிறது. கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் உள்ள இந்தியத் தொழிலாளிக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி லெவி கட்டுகிறார். உயர்திறன், அதாவது நம்மாட்கள் சொல்லும் ஆர்1 தகுதி பெற்றவருக்கு 500 வெள்ளி. வித்தியாசம் மாதம் 400 வெள்ளி. உங்கள் பேசிக்கை ஒட்டிய தொகை அது. ஆர்1 ஆனவர் சம்பளம் உயர்த்திக் கேட்கும்போது பேச்சில் இந்த 400 இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோர்ஸுக்குப் போய், இரண்டாவது தொழிலிலும் தேர்வெழுதி அந்தத் தகுதியை வாங்குகிறவர்களை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதிகம் பேசப்படாத நடுவழி

கட்டுமானத்துக்கு வெளியே, சேவைத் துறையிலும் உற்பத்தித் துறையிலும் இந்தியர்களைக் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு பெர்மிட்டில் எடுக்க 2023 செப்டம்பரிலிருந்து வழி திறந்தது. இந்திய உணவகச் சமையல்காரர், வெல்டர், ஷீட் மெட்டல் தொழிலாளி போன்றவர்கள் அந்தப் பட்டியலில் வந்தார்கள். 2025 செப்டம்பரில் கனரக வாகன ஓட்டுநர், தொழிற்சாலை ஆபரேட்டர் போன்ற வேலைகளும் சேர்ந்தன. இதில் முக்கியமானது, மாத நிலைச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்பது விதி. கட்டுமானத்தில் ஓடியோடு சேர்த்தும் 814 என்று பார்த்தோமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனி தன் மொத்த ஆட்களில் 8 சதவீதம் வரைதான் இந்த வழியில் எடுக்க முடியும் என்பதால் இடம் குறைவு. நல்ல கைத்தொழில் உள்ளவர் எஸ் பாஸுக்கு லட்சங்களைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் இந்த வழியை விசாரிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து ஊரில் இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு.

எஸ் பாஸ்

2025 செப்டம்பர் 1 முதல் எஸ் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்கக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி. நிதித்துறையில் 3,800. வயது கூடக் கூட இது ஏறும். 45 வயதுக்காரருக்கு 4,800 வெள்ளி வேண்டும்.

சம்பளம் உண்மையாகவே கைக்கு வந்தால் எஸ் பாஸுக்கு ஈடு கிடையாது. தங்குவதற்கு நாமே பெட் ஸ்பேஸ், அதாவது பகிர்ந்த அறையில் ஒரு படுக்கை இடம், பார்க்க வேண்டும். வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாவற்றுக்கும் 1,000 வெள்ளி, ஆண்டுக்குச் சுமார் 500 வெள்ளி வருமான வரி என்று கழித்தாலும் மாதம் 2,250 வெள்ளிக்கு மேல் நிற்கும். ரூபாயில் ஒன்றரை லட்சத்தை நெருங்குகிறது. கம்பெனி மாற விரும்பினால் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை, புதிய முதலாளி விண்ணப்பித்தால் போதும். மருத்துவக் காப்பீடு இதற்கும் உண்டு. சம்பளம் 6,000 வெள்ளியைத் தொட்டால் மனைவி, பிள்ளைகளை அழைத்து வைத்துக்கொள்ளவும் விண்ணப்பிக்கலாம். பெர்மிட்டில் அந்த வாய்ப்பே இல்லை.

இப்போது முதலாளி பக்கத்திலிருந்து பாருங்கள். எஸ் பாஸ் ஆளுக்கு அவர் 3,300 சம்பளமும் 650 வெள்ளி லெவியும் சேர்த்து மாதம் 3,950 வெள்ளி செலவழிக்க வேண்டும். பெர்மிட் ஆளுக்கு ஓடியையும் 900 வெள்ளி லெவியையும் சேர்த்தாலும் 1,714 வெள்ளி, அதோடு தங்குமிடச் செலவு. கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறைத் துறைகளில் எஸ் பாஸ் ஆட்கள் மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சேவைத் துறையில் 10 சதவீதம். இப்படி விலை உயர்ந்த, எண்ணிக்கை குறைந்த இடத்தை, நேற்று டிப்ளமா முடித்த, அனுபவம் இல்லாத ஒருவருக்கு ஒரு கம்பெனி ஏன் கொடுக்கும்?

உங்கள் கையில் அதற்குப் பதில் இருந்தால், உதாரணமாக ஐந்தாறு வருட வரைபட அனுபவமோ, குறிப்பிட்ட இயந்திரத்தில் தேர்ச்சியோ, சைட் சூப்பர்வைசராக வேலை பார்த்த பின்னணியோ இருந்தால், தைரியமாக எஸ் பாஸுக்கு முயலுங்கள். பதில் இல்லாமல் எஸ் பாஸ் மட்டும் வருகிறது என்றால் எங்கோ பொய் இருக்கிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: வங்கிக் கணக்கில் 3,300 ஏறும், பாதியை ரொக்கமாக எடுத்து மேலாளர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்டால் வாடகை, லெவி என்று காரணம் வரும். அமைச்சிடம் பொய்ச் சம்பளம் காட்டுவது சிறைத் தண்டனை வரை போகும் குற்றம். தெரிந்தே உடன்பட்ட தொழிலாளியும் விசாரணையில் மாட்டுவார், திரும்ப சிங்கப்பூருக்கு வரும் வாய்ப்பையே இழக்கலாம். லட்சங்களைக் கொடுத்து, பெர்மிட் சம்பளத்துக்கு வேலை பார்த்து, வாடகையும் கையிலிருந்து கட்டி, சட்டத்துக்கும் பயந்துகொண்டிருக்கும் அந்த நிலைக்கு, நேர்மையான பெர்மிட் எவ்வளவோ மேல்.

உண்மையான எஸ் பாஸிலும் ஒரு நிச்சயமின்மை உண்டு. குறைந்தபட்சச் சம்பளத்தை அரசு அவ்வப்போது உயர்த்துகிறது. இப்போதைய 3,300 வெள்ளி, பழைய அட்டையைப் புதுப்பிக்கிறவர்களுக்கு 2026 செப்டம்பர் 1 முதல் பொருந்தும். கம்பெனி சம்பளத்தை உயர்த்த மறுத்தால் புதுப்பிப்பு நின்றுவிடும். உள்ளூர் ஊழியர்கள் விலகிக் கம்பெனியின் ஆள் எண்ணிக்கை குறைந்தாலும் 15 சதவீதக் கணக்கு சுருங்கும். நாம் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டோம், ஆனால் கிளம்ப வேண்டியிருக்கும். ஆகவே எஸ் பாஸில் போகிறவரும் முதல் இரண்டு வருடத்துக்குள் முடிகிற கடனைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிஇபி என்று ஒன்றைச் சொல்லி, போனதும் எஸ் பாஸாக மாற்றித் தருகிறோம் என்பார்கள். அது மூன்று மாதப் பயிற்சிக்கான அட்டை. புதுப்பிக்கவே முடியாது. படிப்பின் பகுதியாகப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கும், வெளிநாட்டுக் கிளைகளிலிருந்து பயிற்சிக்கு வரும் ஊழியர்களுக்கும் உரியது. மூன்று மாதம் முடிந்ததும் ஊருக்கு வந்து நிற்கும் பிள்ளைகள் நம் மாவட்டங்களில் நிறைய இருக்கிறார்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இ பாஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2025 ஜனவரி 1 முதல் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம், நிதித்துறையில் 6,200. இதற்கு மேல் காம்பஸ் என்ற மதிப்பெண் முறையில் சம்பளம், படிப்பு, கம்பெனியின் ஆட்சேர்ப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 புள்ளி வேண்டும். பொதுவாக வேலையை முதலில் 14 நாள் உள்ளூரில் விளம்பரம் செய்திருக்கவும் வேண்டும். நல்ல அனுபவம் உள்ள இன்ஜினியர்கள் நேரடியாகக் கம்பெனி நேர்காணலில் வாங்க வேண்டியது இது. ஏஜென்ட் விலை சொல்லும் இ பாஸை நான் நம்ப மாட்டேன்.

வளைகுடாவோடு ஒப்பிட்டால்

சிங்கப்பூர் ஆசையில் கத்தாரையும் அமீரகத்தையும் பலர் கீழாக நினைக்கிறார்கள். கடன் பெரிதாக வாங்க வேண்டியவருக்கு நான் அந்தப் பக்கத்தையும் பார்க்கச் சொல்வேன். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால். சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி தராவிட்டால் அதற்கு மேல் 300, 500 ரியால் தர வேண்டும். வேலை மாறப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்ற விதியும் 2020இல் நீக்கப்பட்டது. அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. சிங்கப்பூர் பெர்மிட்டில் அப்படிச் சட்டப்படி கிடைக்கும் பணிக்கொடை இல்லை.

பத்தாவது முடிக்காதவர்கள் வளைகுடாவுக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதி வேண்டும். அலைச்சல்தான், ஆனால் ஒப்பந்தம் ஒருமுறை அரசின் கண்ணில் படுகிறது, 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் வருகிறது. சிங்கப்பூர் அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் இல்லை. போவது சுலபம், ஆனால் நம் அரசு இடையில் வந்து ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை. எங்கே போவதானாலும், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் கட்டுமானப் பெர்மிட்காரர் முதலாளி சம்மதம் இல்லாமல் கம்பெனி மாற வேண்டுமானால், பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள இடைவெளியில்தான் புதிய முதலாளி விண்ணப்பிக்க முடியும். அந்தத் தேதிகளைப் பெர்மிட் கைக்கு வந்த அன்றே போனில் குறித்து வைப்பது நல்லது. கடனில் இருப்பவர் அந்த இடைவெளியைத் துணிந்து பயன்படுத்துவதில்லை. புதுப்பித்தாலே போதும் என்று பழைய பேசிக்குக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியது ஐபிஏ, அதாவது கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம். பெர்மிட்காரருக்கு அதை அவருடைய தாய்மொழியிலும், ஊரிலிருந்து புறப்படும் முன்பே முதலாளி அனுப்ப வேண்டும். அதில் பாஸின் வகை, கம்பெனி பெயர், தொழில், பேசிக், படிகள், பிடித்தங்கள் எல்லாம் எழுதியிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகைக்கு மதிப்பில்லை. அந்தக் கடிதத்தில் உள்ள பேசிக்கை, உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் பெற்று அமைச்சுக்கும் தெரிவிக்காமல் முதலாளி குறைக்க முடியாது. கடிதம் உண்மைதானா என்பதை அமைச்சின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். தொழில் என்ற இடத்தில் வெல்டர் என்றிருந்தால் வெல்டர் வேலைதான். வேறு இடத்தில் பகுதிநேர வேலையும் பார்க்கக் கூடாது.

அங்கே போன பிறகு, தினமும் எத்தனை மணிக்கு வேலையில் ஏறி எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் விடாதீர்கள். சம்பளத்தில் குறை இருந்தால் முத்தரப்பு சர்ச்சை நிர்வாகக் கூட்டணியிடம், அங்கே எல்லோரும் டாடம் என்று சொல்லும் அலுவலகத்திடம் புகார் செய்யலாம். வேலையில் இருக்கும்போது என்றால் பிரச்சினை நடந்து ஓராண்டுக்குள், வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியவை அந்த நோட்டு, ஐபிஏ, சம்பளச் சீட்டு ஆகிய மூன்றும்தான். ஐபிஏயின் ஒரு நகலை ஊரில் அப்பாவிடமோ அண்ணனிடமோ கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.